இழை: அரிசி முறுக்கில் சோயா எங்கிருந்து வந்தது?

ஐந்துரோடு | 3 ஜூன் 2024, காலை 10.12

பள்ளிக்கூடம் திறக்கும் முன் பிள்ளைகளோடு ஏற்காடு போய்வந்தோம். ஏரிப் பக்கம் ஒரு கடையில் ‘ஹோம்மேட்’ சாக்லேட் கால் கிலோ வாங்கினேன். டப்பாவின் அடியில் ஒரு ஸ்டிக்கர்: பால், சோயா உள்ளது, நட்ஸ், கோதுமை இருக்கலாம். வீட்டுக்கு வந்து, ஆட்டையாம்பட்டி பக்கம் வாங்கிய முறுக்கு பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் ஏறக்குறைய அதே வரி. அரிசி முறுக்கில் சோயா எங்கிருந்து வந்தது? இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதிக்கு எழுதிய சட்டம். நம் ஊரில் கடலை தின்று யாருக்கு என்ன ஆயிற்று? கையால் முறுக்கு சுற்றிப் பிழைக்கிறவர்களை எதற்கு இப்படி வதைக்க வேண்டும்?

செவ்வாய்பேட்டை டிடிபி | 3 ஜூன், பகல் 1.40

அந்த சோயா எங்கிருந்து வந்தது என்று நான் சொல்கிறேன். கம்ப்யூட்டரிலிருந்து வந்தது.

சேலம் செவ்வாய்பேட்டையில் லேபிள் வடிவமைப்பது என் தொழில். மசாலாப் பொடி, முறுக்கு, அப்பளம், மரவள்ளி சிப்ஸ், செக்கு எண்ணெய் எல்லாம் வரும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கையில் ஒரு பெரிய கம்பெனி பாக்கெட்டோடு வருவார்கள். “அண்ணா, முன்னாடி நம்ம பேரு, நம்ம போட்டோ. பின்னாடி இதுல இருக்கற மாதிரியே போட்டுடுங்க.” பின்பக்கம் அப்படியே ஏறிவிடும். அந்தக் கம்பெனி ஒரே ஆலையில் சோயா மிக்சரும் பாதாம் பிஸ்கட்டும் போடுகிறது. அதனால் அது எழுதிய வரி அதற்குச் சரி. இவருடைய கொட்டகையில் அரிசி, உளுந்து, எள், சீரகம், எண்ணெய் தவிர ஒன்றும் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். 2020இல் வந்த லேபிள் ஒழுங்குமுறை எட்டு வகைகளைத் தனியாக அறிவிக்கச் சொல்கிறது. கோதுமை, பார்லி, ஓட்ஸ் போன்ற குளூட்டன் என்ற புரதம் உள்ள தானியம், இறால்-நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலையும் முந்திரி, பாதாம் போன்ற மரக்கொட்டைகளும் சேர்ந்து ஒன்று, சோயா, எட்டாவதாக சல்பைட், ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால். பொருளில் சேர்த்திருந்தால் ‘உள்ளது’ என்று கட்டாயம் போட வேண்டும். ஒரே மெஷின், ஒரே பாத்திரம் என்பதால் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு இருந்தால் ‘இருக்கலாம்’ என்று போடலாம். இரண்டாவது கட்டாயமில்லை.

ஆக, நீங்கள் பார்த்த இரண்டு ஸ்டிக்கரில் சாக்லேட்டுடையது அநேகமாக உண்மை. முறுக்கினுடையது புளுகு.

செவ்வாய்பேட்டை டிடிபி | 3 ஜூன், இரவு 9.05

“வெள்ளைக்காரன் வியாதி” என்றதற்கு.

என் அக்கா மகளுக்கு முந்திரி ஆகாது. கல்யாணப் பந்தியில் வெள்ளைக் குருமா இரண்டு வாய். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு, கரகரவென்று இருமல். பந்தியில் இருந்த பெரியவர்கள் “கண்ணு பட்டிருக்கும்” என்றார்கள், ஒருவர் அவில் மாத்திரை நீட்டினார். மூச்சுக்குழாய் இறுகும்போது அவில் காப்பாற்றாது. அட்ரினலின் ஊசி தொடையில் போட வேண்டும், அதுவும் உடனே. நல்லவேளை ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தது. இதே ஏற்காட்டில் நடந்திருந்தால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டியிருந்திருக்கும்.

நம் ஊரில் மேல்நாட்டு அளவுக்கு நிலக்கடலை அலர்ஜி தென்படுவதில்லை என்பது சரிதான். கைக்குழந்தையாக இருக்கும்போதே கடலையைக் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கினால் அலர்ஜி வருவது பெருமளவு குறைகிறது என்று 2015இல் லண்டனில் ஓர் ஆய்வு நிரூபித்தது. ஆய்வே இஸ்ரேல் குழந்தைகள் கடலை கலந்த நொறுக்குத்தீனி தின்று வளர்வதைப் பார்த்துத் தொடங்கியதுதான். ஆனால் குறைவு என்றால் இல்லை என்று ஆகாது. என் அக்கா வீட்டில் அது ஒன்றுதான், அது போதும்.

செவ்வாய்பேட்டை டிடிபி | 4 ஜூன், காலை 11.30

இப்போது எனக்குப் பிடித்த விஷயம்: பெருங்காயம்.

அம்மாபேட்டையிலிருந்து ஓர் அம்மா சாம்பார் பொடி லேபிளுக்கு வந்தார். எழுதி எடுத்துவந்த தாளில் மல்லி, மிளகாய், துவரம்பருப்பு, வெந்தயம், மிளகு, மஞ்சள், பெருங்காயம். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘மைதா, மாவு எதுவும் சேர்க்கப்படவில்லை’ என்று வர வேண்டுமாம். “பெருங்காயம் எந்த டப்பா போடறீங்க?” என்றேன். பைக்குள்ளேயே இருந்தது, கடைக்கு வாங்கிக்கொண்டு போகிற வழி. மொபைல் லைட் அடித்துப் பின்பக்கம் படித்தோம். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து: கோந்து, கோதுமை மாவு, பெருங்காயம். கோதுமை மாவு இரண்டாவது, பெருங்காயம் மூன்றாவது. எது அதிகமோ அது முதலில் என்ற வரிசையில்தான் எழுத வேண்டும் என்பதால், டப்பாவில் பெருங்காயத்தைவிட மாவு அதிகம் என்று அதுவே ஒப்புக்கொள்கிறது.

அந்த அம்மா டப்பாவை என் கையிலிருந்து வாங்கித் தானே ஒருமுறை படித்தார். “முப்பது வருசமா இதத்தான் போடறேன் தம்பி. அப்ப நான் மாவு வித்துட்டு இருந்தேனா?”

டப்பா கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. கூட்டுப் பெருங்காயம் என்றாலே பெருங்காயப் பாலில், அதாவது அந்தச் செடியின் பிசினில், கோந்தும் மாவும் சேர்த்ததுதான், சட்டமே அனுமதிக்கிறது. சுத்தப் பெருங்காயப் பாலை அப்படியே போட்டால் குழம்பு கசந்துவிடும். அவர்கள் டப்பாவில் ஒழுங்காக எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் பெருங்காயம் சாம்பார் பொடிக்குள் போனதும் கோதுமை காணாமல் போய்விடுகிறது. பொடி லேபிளில் ‘பெருங்காயம்’ என்று ஒற்றைச் சொல்தான். அந்தப் பொடி கேட்டரிங்காரர் கைக்குப் போனால் அந்தச் சொல்லும் போய்விடும்.

அரிசி மாவில் செய்த கூட்டுப் பெருங்காயமும் கிடைக்கிறது. லீ பஜாரில் கேட்டால் கொடுப்பார்கள், விலை கொஞ்சம் கூட.

செவ்வாய்பேட்டை டிடிபி | 4 ஜூன், இரவு 10.20

“ஒரு சிட்டிகை பெருங்காயத்தில் என்ன கோதுமை வந்துவிடப் போகிறது” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்குப் போடுவோம்.

ஒரு கிலோ பொடிக்குப் பத்து கிராம் கூட்டுப் பெருங்காயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி மாவு என்றால் ஐந்து கிராம். கோதுமை மாவில் குளூட்டன் நூற்றுக்கு எட்டு என்று கொண்டால், கிலோ பொடியில் 400 மில்லிகிராம். ‘குளூட்டன் இல்லாதது’ என்று போட்டுக்கொள்ள நம் சட்டத்தில் உச்சவரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். இருபது மடங்கு. சிட்டிகைக்கு இது ஜாஸ்திதான்.

செவ்வாய்பேட்டை டிடிபி | 5 ஜூன், காலை 8.15

மேற்படி கணக்குக்கு ஒரு வாசகர் நல்ல குட்டு வைத்திருக்கிறார்: “பொடியை யாரும் கிலோக் கணக்கில் தின்பதில்லை. லிட்டர் சாம்பாருக்குப் பத்து கிராம் பொடி. அப்போது சாம்பாரில் வருவது 4 மில்லிகிராம்தானே?”

சரி, சாம்பாருக்கு அது நியாயம். ஆனால் அதே பெருங்காயம் இட்லிப் பொடியிலும் போகிறது. அதைத் தண்ணீர் ஊற்றி யாரும் கரைப்பதில்லை, எண்ணெய் விட்டுக் குழைத்து அப்படியே தின்கிறோம். அதோடு லேபிள் என்பது பாக்கெட்டுக்குள் இருப்பதைச் சொல்ல வேண்டியது. வாங்குகிறவர் வீட்டில் எத்தனை கரண்டி போடுவார் என்று அச்சகத்திலிருந்து ஊகிக்க முடியாது. குளூட்டனால் குடல் கெடுகிற சீலியாக் நோய் இருப்பவருக்கு வேறு கணக்கு, கோதுமை அலர்ஜி இருப்பவருக்கு வேறு கணக்கு. இரண்டும் ஒரே வியாதி இல்லை. இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அவரவர் கணக்கை அவரவர் போட்டுக்கொள்வார்கள்.

குட்டு வைத்தவர் கெமிஸ்ட்ரி வாத்தியார் என்று சந்தேகிக்கிறேன்.

செவ்வாய்பேட்டை டிடிபி | 5 ஜூன், பகல் 2.00

“பச்சைப் புள்ளி இருந்தால் போதாதா” என்பவருக்கு: பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டும் சொல்லும். முட்டை இல்லை என்று அதை நம்பலாம். பாலும் கோதுமையும் முந்திரியும் எல்லாமே பச்சைதான்.

செவ்வாய்பேட்டை டிடிபி | 8 ஜூன், மாலை 6.45

செக்கு எண்ணெய்க்கு வருகிறேன், இதில் எனக்கே முழு நிம்மதி இல்லை.

அந்த எட்டு வகைகளிலிருந்து எடுத்த எண்ணெய்க்கு அலர்ஜி வரி தேவையில்லை என்று ஒழுங்குமுறையில் விலக்கு இருக்கிறது. இதற்குக் காரணம் உண்டு. அலர்ஜி வருவது புரதத்தால். ஆலையில் நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் புரதம் ஏறக்குறைய மிஞ்சாது. அமெரிக்காவில் அந்தச் சலுகை மிகவும் சுத்திகரித்த எண்ணெய்க்கு மட்டும்தான். நம் சட்டத்தில் வெறுமனே ‘எண்ணெய்’.

இப்போது சேலத்தில் தெருவுக்கு ஒரு மரச்செக்கு. ஆட்டி, வெயிலில் தெளிய வைத்து, மேலாக இறுத்து ஊற்றுகிற கடலை எண்ணெய். அடியில் மண்டி தங்குகிறது என்று பெருமையாகக் காட்டுவார்கள், ‘எதையும் எடுக்கல, இயற்கையா இருக்கு’. எதையும் எடுக்கவில்லை என்றால் புரதமும் கொஞ்சம் அதில்தான் இருக்கிறது. பாட்டில் லேபிளில் ‘நிலக்கடலை எண்ணெய்’ என்று பெயர் இருப்பதால் பாட்டில் வாங்குகிறவருக்குக் குழப்பமில்லை. அந்த எண்ணெயில் பொரித்த சிப்ஸ்? பொருட்பட்டியலில் ‘தாவர எண்ணெய்’ என்று மட்டும் எழுதச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். என்ன எண்ணெய் என்று கேட்காமல் நான் இப்போது ஃபைலைத் திறப்பதில்லை.

செவ்வாய்பேட்டை டிடிபி | 8 ஜூன், இரவு 11.10

எண்ணெய் பற்றி எழுதிவிட்டு எள்ளை விட்டால் எப்படி. எள் நம் எட்டில் இல்லை. ஐரோப்பாவின் பதினான்கில் எள்ளும் கடுகும் உண்டு. அமெரிக்கா 2021இல் சட்டம் போட்டு, 2023 ஜனவரி 1 முதல் எள்ளை ஒன்பதாவதாகச் சேர்த்தது. நாம் தினம் இட்லிப் பொடியிலும் முறுக்கிலும் எள்ளுருண்டையிலும் நல்லெண்ணெயிலும் தின்பது. ஆக, ஐந்துரோடு வாங்கிய முறுக்கின் அலர்ஜி வரியில் இல்லாத சோயா இருக்கிறது, இருக்கிற எள் இல்லை. பொருட்பட்டியலில் தேடினால் கிடைக்கும், அவ்வளவே.

அமெரிக்கக் கூத்தையும் கேளுங்கள். எள் ஒட்டாமல் மெஷினைத் துடைத்துக்கொண்டிருப்பது பெரும்பாடு என்று சில பேக்கரிகள் ரொட்டியில் வேண்டுமென்றே கொஞ்சம் எள் மாவைச் சேர்த்து, ‘எள் உள்ளது’ என்று போட்டுவிட்டன. சட்டப்படி சுத்தம். அதுவரை அந்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்த எள் அலர்ஜிக் குழந்தைகளுக்கு அதுவும் போயிற்று. எள் என்றால் எண்ணெயாக நிற்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.

கடலைப்பருப்பு அலர்ஜியும் நம் நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அது எந்தப் பட்டியலிலும் தனியாக இல்லை. பட்டியல் நம் தட்டைப் பார்த்து எழுதப்படவில்லை என்று ஐந்துரோடு சொல்லியிருந்தால் நான் கை தட்டியிருப்பேன். சட்டமே வேண்டாம் என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

செவ்வாய்பேட்டை டிடிபி | 9 ஜூன், பகல் 12.20

எட்டாவதாகச் சொன்ன சல்பைட் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சேலத்துக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது.

சல்பைட் உணவே இல்லை. கெடாமலும் கறுக்காமலும் இருக்கப் போடுகிற கந்தகச் சேர்மம். கண்டிப்பாகப் பார்த்தால் அது அலர்ஜி என்ற கணக்கில்கூட வராது. ஆனால் ஆஸ்துமா உள்ள சிலருக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அதனால் பட்டியலில் இருக்கிறது. பாக்கெட்டில் 220 முதல் 228 வரை எண் பார்த்தால் அந்தக் குடும்பம். மஞ்சளாக மினுக்குகிற உலர்திராட்சை, ஆரஞ்சு நிறம் மாறாத உலர் ஆப்ரிகாட் எல்லாம் அதன் கைங்கரியம். கறுத்துச் சுருங்கிய திராட்சையைக் கடைக்காரர் பழசு என்று ஒதுக்குவார்.

வெள்ளையாக இருந்தால்தான் விலை என்ற நோய் நம் ஊரின் இரண்டு தொழில்களைப் பிடித்திருக்கிறது. வெல்லம் பொன்னிறமாக வர ‘ஹைட்ரோஸ்’ போடுவார்கள். அது சோடியம் ஹைட்ரோசல்பைட். அதிகாரிகள் சோதனை, மூட்டை பறிமுதல் என்று செய்தி அடிக்கடி வரும். ஜவ்வரிசி வெளுப்பும் அதே கதை. ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981இல் தொடங்கிய ஊர், 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. நல்ல ஜவ்வரிசி கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும் என்று ஆலைக்காரர்களே சொல்வார்கள். “பளிச்சுனு இல்லனா வடக்க எடுக்க மாட்டேங்கறாங்க” என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

வெல்லப் பாக்கெட் லேபிளில் ‘சல்பைட் உள்ளது’ என்று போடச் சொன்னவர் இதுவரை என்னிடம் வந்ததில்லை. ‘கெமிக்கல் இல்லாதது’ என்று போடச் சொல்கிறவர்கள் நிறைய. சோதனைச் சாலை அறிக்கை கொண்டுவாருங்கள், போடுகிறேன் என்பேன். பாதிப் பேர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.

செவ்வாய்பேட்டை டிடிபி | 11 ஜூன், இரவு 8.50

“தட்டுவடை செட்டுக்கும் லேபிள் ஒட்டச் சொல்வீர்களா” என்று நக்கல் செய்தவருக்கு.

சட்டம் சொல்லவில்லை. பாக்கெட் போடாமல் கண்ணெதிரே செய்து கொடுப்பதற்கு இந்த வரி கிடையாது. ஓட்டல்களில்கூட பத்து இடங்களில் கிளை உள்ளவை, மத்திய உரிமம் உள்ளவை மட்டும்தான் மெனுவில் அலர்ஜி தகவல் காட்ட வேண்டும். நம் முதல் அக்ரஹாரத்து வண்டிக்கடை அதில் வராது, வரவும் வேண்டாம். ஒரு மாலை அந்தக் கையைக் கவனித்துப் பாருங்கள். தட்டுவடை மேல் கார சட்னி, பச்சை சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலே இன்னொரு தட்டுவடை. அடுத்தவர் முட்டை நொறுக்கல் கேட்டிருப்பார், அதே விரல்கள் முட்டையைப் பிசைந்துவிட்டு அதே சட்னிக் கிண்ணத்துக்குப் போகும். முட்டை ஆகாதவர் அங்கே என்ன லேபிளைப் படிப்பது? ஆனால் அங்கே ஒரு வசதி இருக்கிறது. செய்கிறவர் எதிரில் நிற்கிறார், கேட்கலாம். “அண்ணா, தட்டுவடையில கடலை இருக்கா?” என்றால் “பொட்டுக்கடலதாங்க, நிலக்கடல இல்ல” என்று பதில் வரும். பாக்கெட்டிடம் கேட்க முடியாது.

சின்ன பாக்கெட்டுக்கும் சலுகை உண்டு. மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்குள் இருந்தால் பொருட்பட்டியலே போட வேண்டாம், மொத்தமாக வரும் பெட்டியில் இருந்தால் போதும். பள்ளிக்கூட வாசலில் பெட்டிக்கடைச் சரத்தில் தொங்குவது அந்தச் சின்ன பாக்கெட். பெரிய பெட்டியைக் கடைக்காரர் எப்போதோ கிழித்துப் போட்டிருப்பார். அலர்ஜி அதிகம் இருப்பது குழந்தைகளுக்கு, அவர்கள் அதிகம் வாங்குவது இந்த பாக்கெட்டை. யார் யோசித்தார்களோ.

இன்னொன்று, கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழ் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். கட்டாயமில்லாததால் இடம் போதாதபோது முதலில் வெட்டுப்படுவது தமிழ். தயாரிக்கிறவருக்கே தன் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்க முடியாத நிலை. சோயா வரியை நீக்கச் சொல்லி யாரும் வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

செவ்வாய்பேட்டை டிடிபி | 12 ஜூன், காலை 7.30

ஏற்காடு சாக்லேட் உண்மையாக இருக்கும் என்று எப்படிச் சொன்னீர்கள் என்று ஐந்துரோடே கேட்டிருக்கிறார்.

அங்கே பெரும்பாலும் கடைச்சரக்குச் சாக்லேட் கட்டியை வாங்கி, உருக்கி, அச்சில் ஊற்றுகிறார்கள். கட்டியிலேயே பால் பொடியும் சோயா லெசித்தினும் இருக்கும், எண் 322. அதனால் ‘உள்ளது’ சரி. உருக்குகிற பாத்திரம் ஒன்று. முந்திரி போட்டது, உலர்திராட்சை போட்டது, பிஸ்கட் உடைத்துப் போட்டது, ஒன்றும் போடாதது என நாலும் அதே கரண்டியில்தான் வருகின்றன. அதனால் ‘இருக்கலாம்’ என்பதும் சரி. என் அக்கா மகளுக்கு அந்தக் கடையில் ‘ப்ளெயின்’ என்று கொடுத்தாலும் வாங்க மாட்டோம். ஏற்காடு போனால் அவளுக்கு ஐஸ்கிரீமும் கிடையாது, காபிதான். பதினாறு வயதில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று கேட்டு வாங்குகிறாள். அதற்குக் கடைக்காரர்கள் பதில் வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் சிக்கரி கலந்தால் சதவீதத்தோடு பாக்கெட்டில் போட வேண்டும் என்ற விதி பழசு, எல்லாருக்கும் பழகிவிட்டது. மிரட்டல் எதுவும் இல்லாமல் இயல்பாகச் சொல்கிறார்கள்.

இங்கேதான் புளுகு வரி எரிச்சல் தருகிறது. ஒன்றும் இல்லாத முறுக்கிலும் ‘நட்ஸ் இருக்கலாம்’ என்று போட்டுவைத்தால், அவள் அந்த முறுக்கையும் தின்ன முடியாது. சில வருடம் அப்படியே பயந்துவிட்டு, எல்லா பாக்கெட்டிலும் இதே வரி என்று சலித்து, உண்மையான பாக்கெட்டிலும் அதைத் தாண்டிப் படிப்பாள். ‘எதற்கும் போட்டுவைப்போம், சேஃப்டி’ என்கிறவர்களின் சேஃப்டி அவர்களுக்குத்தான்.

செவ்வாய்பேட்டை டிடிபி | 17 ஜூன், மாலை 5.15

அம்மாபேட்டை அம்மா திரும்பி வந்தார். பெருங்காயம் மாற்றியாயிற்று, அரிசி மாவு டப்பா. மிளகாய், மல்லி அரைக்கிற மில்லில் கோதுமையும் அரைக்கிறார்களா என்று நான் கேட்கும் முன் அவரே கேட்டுவிட்டு வந்திருக்கிறார். அரைக்கிறார்கள். திங்கள்கிழமை காலை மெஷினைத் துடைத்ததும் முதல் ஆளாகப் போட்டுத் தருகிறேன் என்று மில்காரர் சொன்னாராம். நான் அதற்கும் ‘கோதுமை இருக்கலாம்’ என்று போடச் சொன்னேன். துடைத்த மெஷினில் மாவு எவ்வளவு ஒட்டியிருக்கும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கொஞ்சம் முகம் சுளித்தார். “உள்ளத போடு தம்பி” என்றுவிட்டு, ‘மாவு எதுவும் சேர்க்கப்படவில்லை’ என்ற வரியை மட்டும் விடமாட்டேன் என்று நின்றார். பெருங்காயத்தில் அரிசி மாவு இருக்கிறதே அம்மா என்றேன். ‘மைதா சேர்க்கப்படவில்லை’ என்பதோடு சமாதானம் ஆனோம்.

ஸ்டிக்கர்தான் போட்டுக் கொடுத்தேன். அச்சடித்த பவுச் வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். பவுச்சுக்கு அச்சு உருளை (சிலிண்டர்) வெட்ட வேண்டும், கலருக்கு ஒன்று. குறைந்தபட்ச ஆர்டரே ஆயிரக்கணக்கில். ஒருமுறை அடித்துவிட்டால் பெருங்காயம் மாறினாலும் எண்ணெய் மாறினாலும் பழைய பவுச் தீரும்வரை பழைய வரிதான் ஓடும். சின்னத் தொழிலில் சரக்கு மாதாமாதம் மாறும், மலிவாகக் கிடைக்கிற இடத்தில் வாங்குகிறவர்கள்தானே. அதனால் முன்பக்கம் வேண்டுமானால் அச்சடியுங்கள், பின்பக்கத்துக்கு ஒரு கட்டம் காலியாக விட்டு ஸ்டிக்கர் ஒட்டுங்கள் என்பேன்.

ஐந்துரோடுக்கு: அந்த முறுக்கு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்திருந்தால், கடைக்காரரிடம் காட்டி சோயா எங்கே சேர்க்கிறீர்கள் என்று கேளுங்கள். புகாராக வேண்டாம், சும்மா கேளுங்கள். லேபிள் அடித்தவரிடம் அவர் கேட்கட்டும். ஒருவேளை அது என்னிடமே வந்தால் திருத்தத்துக்குக் காசு வாங்கமாட்டேன். எள்ளைச் சேர்க்கச் சொன்னால் அதுவும் இலவசம்.